கால்சியம் டப்பா

மடியில் இருப்பது பட்டுப்புடவைக் கடைப் பை. பைக்குள் இருப்பது நேற்றுக் காலையிலிருந்து இன்று காலை வரை என் உடம்பு வெளியே தள்ளிய சிறுநீர் முழுவதும். முகூர்த்தப் புடவைக்கென்று தைத்த பை என்பதால் அடி அகலம், கேன் சாயாமல் நிற்கிறது. தைத்தவர் இந்த உபயோகத்தை யோசித்திருக்க மாட்டார். பையின் மேல் ஒரு மணப்பெண் தலை குனிந்து சிரிக்கிறாள். நான் அசையும்போதெல்லாம் அவள் வயிற்றுக்குப் பின்னால் ஏதோ தளும்புகிறது. எதிர் பெஞ்சுக்காரர் அவளையே பார்க்கிறார். பார்க்கட்டும். அவர் காலடியில் ஒரு நகைக்கடைப் பை இருக்கிறது, அதற்குள் என்ன நகை இருக்கும் என்று எனக்குத் தெரியாதா. கீழ்த்தளத்தில் மிட்டாய்க்கடை. சாயங்காலம் ஆனால் நெய் வாசனை படியேறி வந்து எங்களோடு உட்கார்ந்துகொள்கிறது. சர்க்கரை கூடாதவர்களும் உப்பு கூடாதவர்களும் வரிசையாக அமர்ந்து அதை முகர்ந்துகொண்டிருக்கிறோம். சிறுநீரக மருத்துவருக்கு இந்த மாடியை வாடகைக்கு விட்டவர் குறும்புக்காரராக இருக்க வேண்டும், அல்லது வியாபாரி. இரண்டும் ஒன்றாக இருப்பதும் உண்டு. "அண்ணே, மூடி இறுக்கமா இருக்கா பாரு" என்கிறாள் குழலி. இருக்கிறது என்கிறேன். "பஸ்ஸுல ஒரு மாதிரி வாடை வந்துச்சே." அது பின் சீட்டுக்காரர் கொண்டுவந்த கருவாடு என்கிறேன். "கருவாட்டு வாடை எனக்குத் தெரியாதா? கும்பாபிஷேகத்துக்குத் தீர்த்தம் கொண்டு போற மாதிரி மடியிலயே வெச்சிருக்க. கீழ வையேன்." கீழே வைக்க மாட்டேன். யாராவது காலால் தட்டிவிட்டால் இன்னொரு நாள் முழுக்கப் பிடிக்க வேண்டும், அந்த நாள் முழுக்க இவள் குளியலறை வாசலில் நின்று "கேன்ல போனியா? மறந்து வெளிய விட்டுடல்ல?" என்று கேட்பாள். அறுபத்து நாலு வயதில் ஒரு மனிதனை அப்படி விசாரிக்க உடன்பிறந்தவர்களால்தான் முடியும்.

ரிசப்ஷன் பெண் ஃபைலின் மேல் சகாயம் என்று சுருக்கி எழுதியிருக்கிறாள். முழுப்பெயர் ஆபத்சகாயம். ஆபத்தை விட்டுவிட்டாள், பரவாயில்லை, அது ஃபைலுக்குள் இருக்கிறது. தங்கையின் முழுப்பெயர் ஏலவார்குழலி. ஆலங்குடிக் கோயிலில் சுவாமியும் அம்பாளும் நாங்கள். கணவன் மனைவி பெயரை அண்ணன் தங்கைக்கு வைக்கலாமா என்று அப்பா யோசித்ததாகத் தெரியவில்லை. அவருக்குக் கோயில் பிடிக்கும், யோசனை பிடிக்காது. நான் அதற்கு எதிர்த்திசையில் போய் விலங்கியல் படித்து, தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் கரும்பலகையில் சிறுநீரகம் வரைந்தேன். சிவப்புச் சாக்பீஸ் தமனி, நீலச் சாக்பீஸ் சிரை, நடுவில் வெள்ளையில் நெஃப்ரான். வடிகட்டும் கிண்ணத்துக்கு அடுத்தாற்போல் ஒரு சுருண்ட குழல் வரும். வடிகட்டிய நீரோடு போய்விடக்கூடாத நல்லதையெல்லாம் பொறுக்கியெடுத்து ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகிற இடம் அதுதான்: சர்க்கரை, உப்பு, எலும்புக்கு வேண்டிய சத்து. கஞ்சத்தனமான ஒரு குடும்பத்தலைவி குப்பைக்கூடையைக் கிளறிப் பார்ப்பது மாதிரி என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைப்பேன். பையன்கள் விடைத்தாளில் அந்தக் குழலை ஜாங்கிரி மாதிரி சுற்றி வைப்பார்கள். ஜாங்கிரிக்கு அரை மார்க் குறைப்பேன். இது மிட்டாய்க்கடை அல்ல என்று சிவப்பு மையில் எழுதுவேன். இப்போது மிட்டாய்க்கடையின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறேன், கீழே எண்ணெய்ச் சட்டியில் எவரோ மாவைச் சுற்றிச் சுற்றிப் பிழிந்துகொண்டிருக்கிறார், என் ஜாங்கிரிகள் உள்ளே பிய்ந்துகொண்டிருக்கின்றன. முதலில் நுரைதான் தெரிந்தது. நல்ல டிகிரி காபியில் நிற்கிற மாதிரி அடங்காத நுரை. பிறகு கணுக்கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது, மாவில் அழுத்திய மாதிரி. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மாணவர்களுக்குக் காட்ட எவ்வளவு நல்ல உதாரணம் என்று தோன்றியது. காட்டத்தான் யாரும் இல்லை.

யாரும் இல்லை என்பது முழு உண்மை அல்ல. கொரடாச்சேரியில் குழலி இருந்தாள். போனில் கால் வீங்கியிருக்கிறது என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். மறுநாளே ஒரு பை, ஒரு ஹாண்ட்பேக், ஒரு ஜாடி ஊறுகாயோடு வந்து இறங்கினாள். ஊறுகாய் எனக்குக் கூடாது என்றேன். "எனக்குத்தான் கொண்டாந்தேன், உன் சமையலைத் திங்கணுமில்ல" என்றாள். புருஷன் போனபின் அவளும் தனியாகத்தான் இருக்கிறாள். ஆனால் அவள் தனிமை கதவு திறந்த தனிமை, தெருவில் போகிற எல்லோரிடமும் பேசுகிற தனிமை. என்னுடையது உள்பக்கம் தாழ் போட்டது. இப்போது பெஞ்சில் பக்கத்திலிருக்கும் முன்பின் தெரியாத அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "எங்கண்ணனுக்குத்தான் கிட்னி. பெரிய படிப்பு படிச்சவரு. கல்யாணம் பண்ணிக்கல. தேவைப்பட்டா நான் ஒண்ணு குடுத்துடுவேன். ரெண்டு இருக்குல்ல, ஒண்ணை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்?" இரவல் தவலை கேட்டால் எடுத்துக் கொடுக்கிற தொனி. உனக்குச் சர்க்கரை இருக்கிறது, உன்னுடையதை எடுக்க மாட்டார்கள் என்கிறேன். "மாத்திரையில கண்ட்ரோல்லதான் இருக்கு. உள்ள போனதும் நான் டாக்டரக் கேக்குறேன். நீ கேக்க மாட்ட. நீ ஊமைக்கோட்டான்." கோட்டான் ஊமை அல்ல, அது எழுப்பும் ஓசை பல வகைப்படும் என்று சொல்ல வாயெடுத்து விட்டுவிடுகிறேன். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே அண்ணே" என்கிறாள். மடியில் கேன் தளும்புகிறது. ஒரே ரத்தம். இல்லை குழலி. பதினோரு வருஷமாக இல்லை.

பதினோரு வருஷமாக. மனசுக்குள்கூட அந்த மூன்று எழுத்துகளை முழுதாகச் சொல்லாமல் இருக்கப் பழகிவிட்டேன். அது என்றுதான் நினைப்பேன். அது இருக்கிறது. அது ரத்தத்தில் இப்போது எண்ண முடியாத அளவு குறைவாக இருக்கிறது, ராத்திரி ஒரு மாத்திரை, அது தூங்குகிறது. யாருக்கும் பரவாது, தொட்டால் இல்லை, தட்டில் இல்லை, டம்ளரில் இல்லை. என் பாடமே இதுதான், எனக்குத் தெரியாததா. ஆனாலும் வீட்டில் எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியே வைத்திருந்தேன், வேறு யாருமே குடிக்க வராத வீட்டில். குழலி வந்த அன்றே அதில் நான் மீதி வைத்த காபியை எடுத்துக் குடித்துவிட்டு "சக்கரையே இல்லாம எப்படிக் குடிக்கிற?" என்றாள். டம்ளரை வாங்கிக்கொண்டு போய் இரண்டு தடவை கழுவினேன். படித்தது மூளையில் இருக்கிறது, பயம் வேறெங்கோ இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் நரம்பு இல்லை. சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வி: எப்படி வந்தது? மதுரையில் மாத்திரை தரும் மையத்தில் ஆரம்பத்தில் என்னைப் பதிவு செய்தவர் மட்டும் கேட்கவில்லை. மற்றபடி தெரிந்தவர்கள் கேட்பார்கள் என்று மூன்று பதில்கள் தயாராக வைத்திருக்கிறேன், தேர்வுக்குப் போகிறவன் மாதிரி. ஒன்று, சலூன் கத்தி. அறிவியல்படி பலவீனமான பதில், ஆனால் ஜனங்களுக்குப் பிடிக்கும். இரண்டு, ஒரு விபத்தில் ஏற்றிய ரத்தம். அதற்கு ஒரு விபத்து வேண்டும், என் உடம்பில் ஒரு தழும்பும் இல்லை. மூன்றாவது பதில் ஒரு மனிதர். நல்ல குரல், சிரிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், சதுரங்கத்தில் ஏமாற்றுவார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை ஒரு நோய்க்கான காரணமாக மட்டும் எவர் முன்னாலும் நிறுத்த எனக்கு மனசில்லை. அதனால் மூன்று பதில்களும் அப்படியே இருக்கின்றன, கேள்வியைக் கேட்க நான் யாருக்கும் இடம் தரவில்லை.

இடம் தராமல் இருக்க மூன்று ஊர் வேண்டியிருக்கிறது. வீடு தஞ்சாவூர். ரத்தத்தில் தூங்கும் அதற்கு மாத்திரை வாங்க மதுரை. தஞ்சாவூரிலேயே தருகிறார்கள், ஆனால் அங்கே வரிசையில் எவனாவது பழைய மாணவன் நின்று "வணக்கம் சார்" என்பான். சிறுநீரகத்துக்குத் திருச்சி, இந்தக் கிளினிக். மதுரைக்கு என் சிறுநீரகத்தைத் தெரியாது. போன தடவை ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள், கிரியாட்டினின் பார்க்க வேண்டும், சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தெரியும் என்றார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது, அடுத்த தடவை என்று சொல்லி மூன்று மாத மாத்திரையோடு ஓடிவந்துவிட்டேன். திருச்சிக்கு என் ரத்தத்தைத் தெரியாது. டாக்டர் ஷமீமா சின்ன வயசுக்காரர், பேனாவைக் காதருகே தட்டிக்கொண்டே யோசிப்பார். "வேற ஏதாவது மாத்திரை தொடர்ந்து சாப்பிடுறீங்களா சார்? வலி மாத்திரை, லேகியம், பஸ்பம்?" என்று கேட்டார். நாற்காலிக்குப் பின்னால் குழலி நின்றாள். இல்லை என்றேன். எவ்வளவு வேகமாக வந்தது அந்த இல்லை. டாக்டர் பேனாவைத் தட்டினார். "சர்க்கரை இல்ல. பி.பி.யும் இந்த அளவுக்குப் பண்ணாது. காரணம் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது சார்." காரணம் எனக்குத் தெரியும். டெனோஃபோவிர். மதுரை மாத்திரைக்குள் இருக்கும் மூன்று மருந்துகளில் ஒன்று. லட்சக்கணக்கானவர்களை உயிரோடு வைத்திருக்கும் நல்ல மருந்து, ஆனால் சிலருக்கு அந்தச் சுருண்ட குழலில் போய்ச் சேர்ந்து அதைக் கெடுக்கும். டப்பாவோடு வந்த துண்டுக் காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தவன் நான். இருவரில் ஒருவரிடம் மற்றவரைப் பற்றிச் சொன்னால் போதும், மாத்திரையை மாற்றுவார்கள், பிய்ந்ததில் பாதியாவது ஒட்டும். சொல்லாவிட்டால் இந்தக் கேனில் இருப்பதைப் பார்த்துவிட்டு ஊசியால் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுப்பார்கள். அதற்கு முன் ரத்தப் பரிசோதனை. அந்தப் பட்டியலில் அதுவும் இருக்கும். முடிவு காகிதத்தில் வரும், ரிசப்ஷன் பெண் கையிலிருந்து குழலி கைக்குப் போகும், குழலி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படிப்பாள். பஸ் டிக்கெட்டைக்கூட அவள் அப்படித்தான் படிப்பாள். அதற்குப் பிறகும் கெட்டால் டயாலிசிஸ் மெஷின். நம்மைப் போன்றவர்களுக்குத் தனி மெஷின் வேண்டும், அது இல்லை, வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பியதாக மதுரை மைய வாசல் வேப்பமரத்தடியில் ஒருவர் போனில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. இதையெல்லாம் வரிசையாக அறிந்தும் ஒருவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? உட்கார்ந்திருக்கிறான். படித்தவன். மடியில் கேன்.

அந்த வேப்பமரம். மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் அந்த மரத்தடியில்தான் எல்லோரும் நிற்போம். ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டோம். மையத்தில் கொடுத்த டப்பாவைத் திறந்து, மாத்திரைகளை வீட்டிலிருந்து கொண்டுவந்த வேறு எதிலாவது மாற்றிக்கொண்டு, காலி டப்பாவின் லேபிளைக் கிழித்து அங்கிருக்கும் குப்பைத்தொட்டியில் போடுவோம். லேபிளை ஏன் கிழிக்கிறோம் என்று தெரியாது. குப்பைத்தொட்டிக்கு என்ன தெரியப் போகிறது. ஒருவர் பவுடர் டப்பாவில் போடுவார், இன்னொருவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டில். ஒரு பையன் டிபன் கேரியரின் கீழ் அடுக்கில் போட்டு மேல் அடுக்கில் எலுமிச்சை சாதம் வைத்திருந்தான். பிறகு பஞ்சு. மாத்திரை குலுங்கினால் பஸ்ஸில் சத்தம் வரும், பக்கத்து சீட்டுக்காரர் என்ன மாத்திரை என்பார், அதனால் மேலே பஞ்சை அடைக்க வேண்டும். பஞ்சு தீர்ந்தவருக்கு மற்றவர் பேசாமல் பஞ்சு தருவார். எனக்குத் தெரிந்து உலகத்தில் வேறெந்தக் கூட்டத்துக்கும் இப்படி ஒரு சடங்கு இல்லை. ஒரே ஒரு முறை ஒரு அம்மாள் என்னிடம் பேசினார். கையில் கடுகு டப்பா. "நீங்க எதுல சார் வெப்பீங்க?" காட்டினேன். கால்சியம் மாத்திரை டப்பா, மருந்துக்கடையில் வாங்கி, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு வைத்துக்கொண்டது. "பரவால்லியே, மாத்திர டப்பாலயே மாத்திர. நம்ம வீட்ல மருமவ எல்லா டப்பாவையும் தொறந்துடுறா. கடுகு மட்டும் அவளுக்கு ஆவாது, அலர்ஜி." சிரித்தோம். எனக்கு உள்ளூரப் பெருமை. கால்சியம் என்பது என் விஞ்ஞானத் தேர்வு: நிறம் ஒன்று, அளவு ஏறக்குறைய ஒன்று, சந்தேகத்துக்கு இடமற்ற சாதுவான பொருள். எலும்புச் சத்தைச் சிறுநீரில் இழக்க வைக்கிற மாத்திரையை எலும்புக்கு என்று எழுதிய டப்பாவில் வைத்திருக்கிறோமே என்ற நகைச்சுவை அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் டப்பாவை மாற்றவில்லை. தனியாக இருப்பவனுக்கு ஒரு நகைச்சுவை கிடைத்தால் லேசில் விட மாட்டான்.

குழலி வந்தபோது டப்பாவை ஒளிக்கலாமா என்று யோசித்தேன். ஒளித்தால் அவள் கண்டுபிடிப்பாள். கண்ணெதிரே சாப்பாட்டு மேஜையில் இருந்தால் கண்டுகொள்ள மாட்டாள். மேஜையில் விட்டேன். "அண்ணே, இங்க ஏ.சி. போட்டா என்னவாம், இவ்வளவு ஃபீஸ் வாங்குறாங்க." பக்கத்து அம்மாளின் டோக்கனை வாங்கிப் பார்க்கிறாள், நமக்கு முன்னால் இன்னும் ஒருவர்தான் என்கிறாள். காலை நீட்டி மடக்குகிறாள். "இங்க பாரு, இப்ப எப்படி மடங்குது! போன தடவை இந்த மாடிப்படி ஏற எவ்வளவு நேரம் எடுத்தேன்? உன் புண்ணியம்." என்ன புண்ணியம் என்கிறேன், கேனின் மூடியைப் பார்த்துக்கொண்டே. "உன் கால்சியம்தான். நாலஞ்சு நாளா நானும் போட்டுக்கறேன். ராத்திரி நீ போட்டுட்டுப் போய்ப் படுத்ததும் நானும் ஒண்ணு. எங்க ஊர் டாக்டரும் எழுதித்தான் குடுத்தாரு, நான்தான் வாங்கல. உன்னுது நல்லா பெருசா இருக்கு, முழுங்கத்தான் கொஞ்சம் கஷ்டம். வயிறுதான் ஒரு மாதிரி இருக்கு, மத்தபடி முட்டிக்கு நல்லாக் கேக்குது."

மின்விசிறி சுற்றுகிறது. மின்விசிறி சுற்றுகிறது, மணப்பெண் தலை குனிந்து சிரிக்கிறாள், கீழே ஜாங்கிரி பிழிகிறார்கள். நாலஞ்சு நாளாக. நாலா, அஞ்சா? கேட்கிறேன். "எண்ணியா வெச்சேன்? ஏன், தீந்துடுமேன்னு பாக்குறியா, கஞ்சப்பிசினாறி? வாங்கித் தரேன்." டப்பா லேசாகியிருப்பதாக முந்தாநாள் தோன்றியது, மறதி என்று நினைத்தேன், ஒருவேளை இரண்டு போட்டுவிட்டேனோ என்று பயந்தேன். எவ்வளவு மடையன். நாட்டில் ஐம்பது வயது தாண்டிய எந்தப் பெண்ணும் யோசிக்காமல் கை நீட்டக்கூடிய ஒரே டப்பாவைத் தேர்ந்தெடுத்து, மேஜை நடுவில் வைத்து, மூட்டு வலிக்காரியை வீட்டுக்குள் விட்டிருக்கிறேன். சந்தேகத்துக்கு இடமில்லாததுதான் ஆபத்து. நாலஞ்சு மாத்திரையில் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் ஒரு வாரத்தில் கெடாது, எனக்கே பல வருஷம் எடுத்தது. ஆனால் துண்டுக் காகிதத்தில் இருந்தது, சிறிய எழுத்தில், சர்க்கரை மாத்திரை ஒன்றின் பெயர். அதோடு சேர்ந்தால் அந்தச் சர்க்கரை மருந்து ரத்தத்தில் ஏறிவிடும். அவள் சாப்பிடுவது அந்த மாத்திரையா? அந்த வகை மாத்திரைதான். வயிறு ஒரு மாதிரி. காலையில் அவள் வயிற்றைத் தடவியபோது நான் பஸ் ஸ்டாண்டு இட்லியைத் திட்டினேன். நிறுத்தச் சொல்லிவிட்டால் போதும். குழலி, அது எனக்கு எழுதிய ஸ்ட்ராங் கால்சியம், உனக்கு ஒத்துக்கொள்ளாது, நிறுத்து. எவ்வளவு சுலபம். நிறுத்துவாள். ஊருக்குப் போவாள். அங்கே டாக்டரிடம் வயிற்றைப் பற்றிச் சொல்வாள், என்ன சாப்பிட்டீங்க என்பார், கால்சியம்தான் என்பாள். அவரும் பேனாவைக் காதருகே தட்டிக்கொண்டு காரணம் தெரியவில்லையே என்பார். எனக்குச் செய்ததையே அவளுக்கும் செய்கிறேன், வேறு ஊரில். என் உடம்பைப் பற்றி நான் சொன்ன பொய் என் உடம்போடு நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன், எல்லை போட்ட வயல் மாதிரி. இதையெல்லாம் நினைக்கும்போதே, அசிங்கம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அடியில் வேறொன்றும் ஓடுகிறது. பதினோரு வருஷமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நானும் அந்த மாத்திரையும் மட்டும். தண்ணீர் டம்ளரை எடுக்கும் சத்தம்கூட பெரிதாகக் கேட்கிற வீடு. அந்தச் சதுரங்கக்காரர் இருந்தபோதுகூட இருவரும் சேர்ந்து இதைச் சாப்பிட்டதில்லை. அவர் வீட்டில் மறைத்தார், நான் என் வீட்டில் மறைத்தேன். ஆனால் இந்த நாலஞ்சு ராத்திரி, நான் விளக்கை அணைத்துப் படுத்தபின் பக்கத்து அறையில் ஒருத்தி அதே டப்பாவைத் திறந்து, அதே பஞ்சை எடுத்து, அதே மாத்திரையை முகம் சுளித்து விழுங்கியிருக்கிறாள். அந்த ராத்திரிகளில் நான் தனியாக இல்லை. எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அந்த டப்பா எங்கே? வீட்டில். வீட்டில்தானே? "எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்கல்ல" என்று ஹாண்ட்பேக்கைத் தட்டுகிறாள், கேட்காமலே பதில் வருகிறது. "பி.பி. மாத்திர, கால்சியம், அந்த இருமல் மருந்துகூட." பிடுங்கிக்கொண்டு ஓடலாம் என்று தோன்றுகிறது. மணப்பெண்ணை மடியில் ஏந்திக்கொண்டு, தங்கையின் ஹாண்ட்பேக்கோடு, தில்லைநகர் மெயின் ரோட்டில் ஒரு ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியர். ஆட்டோக்காரர்கள் என்ன நினைப்பார்கள். சொன்னால் இவள் இன்றைக்கே கொரடாச்சேரி பஸ் ஏறுவாளா? ஏறலாம். ஊறுகாய் ஜாடியைக்கூட எடுத்துக்கொள்ள மாட்டாள், என் வீட்டு அலமாரியில் இருந்த ஜாடி. காபி குடித்த டம்ளரை நினைப்பாள், வாயைத் துடைத்துக்கொள்வாள், என் முன்னால் துடைக்க மாட்டாள், பஸ்ஸில் ஏறியபின் துடைப்பாள். பிறகு போன் வரும், கால் வீக்கம் எப்படி இருக்கு என்று விசாரிப்பாள், விசாரணை குறையும், தீபாவளிக்கு வரும், பிறகு வராது. இவள் போனால் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்ன உலகத்தில் வேறு ஆள் கிடையாது. சொல்லாவிட்டால் இருப்பாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, ராத்திரி ஒன்று. "சகாயம் சார், நீங்க போகலாம்" என்கிறாள் ரிசப்ஷன் பெண். "வா வா" என்கிறாள் குழலி, என் முழங்கையைப் பிடித்துத் தூக்குகிறாள், வலி இல்லாத முட்டியோடு எனக்கு முன்னால் நடக்கிறாள்.

உள்ளே குளிர்ச்சியாக இருக்கிறது. ஏ.சி. இங்கேதான் இருக்கிறது. நர்ஸ் பையை வாங்கிக்கொண்டு போகிறார், மடி லேசாகிறது, கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "வாங்க சார். வாங்கம்மா, உக்காருங்க. மாத்திரையெல்லாம் கொண்டாந்தீங்களா?" குழலி ஹாண்ட்பேக்கைத் திறந்து ஒவ்வொன்றாக மேஜையில் வைக்கிறாள், கொலுப்படியில் பொம்மை வைப்பது மாதிரி. பி.பி. மாத்திரை. இருமல் மருந்து. "இது கால்சியம் டாக்டர். நானும் இதத்தான் போடுறேன், முட்டிக்கு நல்லாக் கேக்குது. அப்புறம் டாக்டர், ஒண்ணு கேக்கணும். அண்ணனுக்கு ஒரு கிட்னி குடுக்கணும்னா—" டாக்டர் ஷமீமா டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறார். சத்தமில்லை. "காலியாம்மா?" "இல்ல டாக்டர், பஞ்சு அடைச்சிருக்கு. எங்கண்ணன் எதையும் அவ்வளவு பத்திரமா வெப்பாரு." டாக்டரின் கட்டைவிரல் மூடியில். அது கால்சியம் இல்லை, டாக்டர். யார் சொன்னது? என் குரல். வகுப்புக் குரல், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். வேண்டியதற்கு மேல் உரக்க. இனி நிறுத்த முடியாது, டிக்டேஷன் கொடுப்பது மாதிரி வருகிறது: மூன்று மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றின் அளவு, மதுரை, பதினோரு வருஷம். எதற்கான மாத்திரை என்பதைக் கடைசியில்தான் சொல்கிறேன். எச்.ஐ.வி.க்கு. மூன்று எழுத்தும் முழுதாக. நாலஞ்சு நாளாக இவளும் சாப்பிட்டிருக்கிறாள், தெரியாமல், தப்பு என்னுடையது, இவளுக்குச் சர்க்கரை மாத்திரை உண்டு, முதலில் இவளைப் பாருங்கள்.

பேனா காதருகே நின்றுவிட்டது. பிறகு டாக்டர் குழலியிடம், மிகச் சாதாரணமாக, என்ன சர்க்கரை மாத்திரை, மயக்கம் வந்ததா, வாந்தி உண்டா என்று கேட்கிறார். குழலி பதில் சொல்கிறாளா, தலையை மட்டும் ஆட்டுகிறாளா, எனக்குப் பார்க்கத் தைரியமில்லை, மேஜையில் பிளாஸ்டிக் சிறுநீரகம் ஒன்று இருக்கிறது, அதன் சிவப்பையும் நீலத்தையும் பார்க்கிறேன், நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள், சிரை மட்டும் கொஞ்சம் பெரிது. "பயப்பட ஒண்ணும் இல்லம்மா. இனிமே போட வேணாம், அவ்வளவுதான். ஒரு ரத்த டெஸ்ட் மட்டும் பாத்துடலாம்." என் பக்கம் திரும்புகிறார். "சார், மூணு மாசமா உங்க கிட்னியோட நான் கண்ணாமூச்சி ஆடிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இதுக்குப் பதிலா வேற மாத்திரை இருக்கு சார். மதுரைக்கு நானே பேசுறேன். உங்க கிட்னிக்கு இன்னும் நேரம் இருக்கு." இருக்கிறதா. இருக்கட்டும். குழலி ஹாண்ட்பேக்கை இழுத்து மூடுகிறாள். அவள் பேச்சு நின்று நான் பார்த்தது அவள் புருஷனைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு மட்டும்தான். மேஜைமேல் டப்பா. அவள் கை அதன் பக்கத்தில் இருக்கிறது, தொடவில்லை, எடுத்துக்கொள்ளவுமில்லை. நர்ஸ் காலிப் பையை மடித்துக் கொண்டுவந்து என் மடியில் வைக்கிறார், மணப்பெண் இரண்டாக மடிந்து சிரிக்கிறாள். குழலி என் பக்கம் திரும்புகிறாள். முகத்தில் ஒரு வரி நெளிகிறது, எனக்குத் தெரியும், கேள்வி வருவதற்கு முன் அவளுக்கு அப்படித்தான் நெளியும், சின்ன வயசிலிருந்தே. இதோ வருகிறது. மூன்று பதில்களும் எழுந்து வரிசையில் நிற்கின்றன. சலூனை உட்காரச் சொல்கிறேன். விபத்தை உட்காரச் சொல்கிறேன். மூன்றாவதைத்தான் சொல்லப் போகிறேன், பெயரோடு, சதுரங்கத்தோடு, இந்தச் சின்ன டாக்டர் கேட்டால் கேட்கட்டும். "அண்ணே" என்கிறாள். சொல்லு என்கிறேன். முட்டியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்கிறாள்.

"அப்ப என் முட்டி வலி எப்படிக் கொறைஞ்சுது?"